மருத்துவ ஆராய்ச்சியும் மக்களிடம் பட்ட கடனும்



சுகாதார ஆராய்ச்சியில் ஈடுபடுவோரின் பணி எத்தகையது, அவர்கள் ஏற்க வேண்டிய பொறுப்பு யாது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டு சத்தியம், தியாகம், சேவை என்று உயர்ந்த வார்த்தைகளை அடுக்கிவிட்டு அமர்ந்துவிடுவது எளிது. மறுப்பார் ஒருவரும் இரார், வீடு போய்ச் சேரும்வரை நினைவில் வைத்திருப்பாரும் இரார். ஆகையால் நம் ஊரிலும் நம் ஊருக்கு அருகிலும் நடந்த சில ஆராய்ச்சிகளையும், கடல் கடந்த தேசத்தில் நடந்த ஒரு கொடுமையையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியாகவே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன். நோயைப் பற்றி இன்று நாம் பெற்றிருக்கும் அறிவில் பெரும்பகுதி, யாரோ ஒரு நோயாளி தன் ரத்தத்தையும் சளியையும் கொடுத்து, தன் வேலை நாட்களை இழந்து, தன் வீட்டுக் கதவையும் அந்நியருக்குத் திறந்துவிட்டு நமக்குக் கைமாற்றாகத் தந்தது. வாங்கியவன் அதைத் திருப்பித் தரும்வரை அந்தக் கணக்குத் தீராது என்பதே நான் சொல்ல வந்தது.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தோன்றிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி அமைத்த அந்த நிலையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தலைமை தாங்கினார். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரோடு நிற்பது அதன் வழிவந்ததே. அந்த நாளில் டிபி என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கின. அதற்குச் சிகிச்சை என்றால் சானடோரியம். நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, மாமிசம் அடங்கிய ஊட்டமான உணவு, மாதக்கணக்கில் படுக்கை. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரமும், 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் இந்தக் கொள்கையில் எழுந்தவையே. தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. தினந்தோறும் அங்கே ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களில், ஒரு காலத்தில் அந்தப் பெயர் எத்தனை பேர் வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ சில பதினாயிரங்களே. இடம் கிடைக்கும் என்று காத்திருந்தே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த நிலையில்தான் ஸ்ட்ரெப்டோமைசினும், பாஸ் எனப்படும் மருந்தும், 1952இல் ஐசோநயாசிடும் வந்து சேர்ந்தன. மருந்தே நோய்க்கிருமியைக் கொல்லும் என்றால் படுக்கை எதற்கு, மலைக்காற்று எதற்கு, சென்னையின் குடிசையில் படுத்திருக்கும் ஏழைக்கு அவன் இருக்கும் இடத்திலேயே மருந்தைக் கொடுத்தால் அவன் பிழைக்க மாட்டானா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி எளியது, அதை அச்சமின்றிக் கேட்பதுதான் கடினமாக இருந்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்தால் ஒரே அறையில் அவனோடு உறங்கும் மனைவி மக்களுக்கு நோய் தொற்றிவிடும், அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவன் எந்த மருந்தாலும் தேறமாட்டான் என்று அனுபவம் மிக்க மருத்துவர்கள் பலர் மனமார நம்பினார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் கண்ட அனுபவம் அவர்களை அப்படி நினைக்க வைத்தது. ஆயினும் அனுபவம் என்பது சோதனைக்கு உட்படாதவரையில் மதிக்கத்தக்க ஓர் ஊகமாகவே நின்றுவிடும்.

அந்த ஊகத்தைச் சோதிக்க, நிலையத்தார் சென்னை நகரின் நெருக்கமான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் ஏறக்குறைய இருநூறு பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பகுதியாரை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டு, இரு சாராருக்கும் ஐசோநயாசிடும் பாஸும் கலந்த ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்தார்கள். யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாததன் காரணத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலே, மெலிந்தவனைச் சானடோரியத்துக்கும் திடமானவனை வீட்டுக்கும் அனுப்பிவிடுவார். பிறகு வருகிற வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாமற் போகும்.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தின் பக்கம் சிறிது கூடுதலாக இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை; அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காக லட்சக்கணக்கானவர்களை இடமில்லாத படுக்கைக்குக் காத்திருக்கச் செய்வது நியாயமா என்பதை நாடே முடிவு செய்துகொள்ளும்படி இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். குடும்பத்தாரைப் பற்றிய அச்சத்தையும் அவர்கள் வாய்வார்த்தையால் போக்கிவிட முயலாமல், அந்த வீடுகளில் இருந்த மனைவியரையும் குழந்தைகளையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. தொற்று பரவுவதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது, மருந்து தொடங்கியபின் அபாயம் விரைவில் குறைந்துவிடுகிறது என்பது அதனால் விளங்கிற்று. சில ஆண்டுகளில் இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டமே வீட்டுச் சிகிச்சையை ஆதாரமாகக் கொண்டு அமைந்தது; உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது பொது மருத்துவமனைகளாக மாறின.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. அது பாடப்புத்தகங்களில் ஒரு வரியில் முடிந்துபோகிறது. நோயாளி மருந்தை உண்மையில் சாப்பிடுகிறாரா என்று தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவும் சொல்ல முடியாது. பாஸ் மருந்து சிறிய மாத்திரையன்று. நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும், உடம்பு சற்றுத் தேறியதும் அதை ஒளித்துவைக்கத் தோன்றாத மனிதர் அரியர். ஆகையால் நிலையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிப் போய், மிச்சமிருக்கும் மருந்தை எண்ணிப் பார்த்து, ஒரு சிறு புட்டியில் சிறுநீரை வாங்கிக்கொண்டு வருவார்கள். அதில் ஃபெரிக் குளோரைடு திரவத்தைச் சில துளிகள் விட்டால், பாஸ் உள்ளே போயிருந்தால் நிறம் மாறும், போகாவிட்டால் மாறாது. குறுகிய சந்துகளில், எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கும் வாசல்களில், ஒரு மனிதனைப் பார்த்து உன் சிறுநீரைக் கொடு என்று கேட்பது எவ்வளவு சங்கடமான காரியம்! அதைக் கேட்கிறவருக்குப் பணிவு இல்லாவிட்டால் மறு முறை கதவு திறக்காது. நிறம் மாறாத புட்டியைக் கண்டதும் நோயாளியைத் திட்டுகிறவர் வேறு. ஏனப்பா, மருந்து வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று விசாரிக்கிறவர் வேறு. முன்னவருக்கு அடுத்த தடவை பொய்யே கிடைக்கும்; பின்னவருக்குத்தான் உண்மை கிடைக்கும். பிற்காலத்தில் உலகம் முழுவதும் பரவிய, நோயாளியைப் பணியாளர் கண்ணெதிரே மருந்து உட்கொள்ளச் செய்யும் முறைக்கும் சென்னையில் நடந்த ஆராய்ச்சிகளே முன்னோடியாயின.

இவ்வளவு பெருமையையும் சொன்னபின், அந்த முடிவை நாம் பயன்படுத்திய விதத்தில் நேர்ந்த ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்ற பகுதியை நாடு சுலபமாக எடுத்துக்கொண்டது. இலவச மருந்து, தவறாத வீட்டு விசாரணை, பரிசோதனை ஆகிய மற்றப் பகுதியை அவ்வளவு சிரத்தையோடு எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, நோயாளி பாதியில் நிறுத்திவிட்டால் அவனுடைய அசிரத்தை என்று பழி சொன்ன நாட்கள் நீண்ட காலம் இருந்தன. எந்த நிபந்தனைகளில் இந்த முடிவு கிடைத்தது, அவற்றில் எதை நீக்கினால் முடிவு நில்லாது என்பதையும் முடிவோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்து, அதிகாரிகள் அவிழ்க்க முற்படும்போதெல்லாம் குரல் கொடுப்பது ஆராய்ச்சியாளனின் வேலையே. கட்டுரை அச்சேறியதும் கையைக் கழுவிவிடலாம் என்பது தவறான எண்ணம்.

அடுத்தபடியாக, கசப்பான முடிவைச் சொல்லும் கடமையைப் பற்றி. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நம்மில் பலருடைய தோளில் அதன் தழும்பு இருக்கிறது. நாடு சுதந்திரம் அடைந்த சில ஆண்டுகளிலேயே அது பெரிய இயக்கமாக நடத்தப்பட்டது. 1955இல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவருடைய வாதங்கள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆயினும் ஊசியின் பயன் இந்நாட்டு மக்களிடையே இன்னும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்ற அளவில் அந்தக் கேள்வி ஒதுக்கத்தக்கதாக இல்லை. வெளிநாடுகளில் நடந்த சோதனைகளில் சிலவற்றில் பெரும்பயனும் சிலவற்றில் சொற்பப் பயனும் தெரிந்தன. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில், கிராமம் கிராமமாக, இரண்டரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு, எவருக்கு எது என்பதை ஊசி போட்டுக்கொண்டவரும் அறியாமல் பின்னால் பரிசோதிப்பவரும் அறியாமல் வைத்து, உலகிலேயே இத்தகையவற்றுள் மிகப் பெரிய சோதனை தொடங்கிற்று.

ஏழரை ஆண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது, வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசி ஒரு பயனும் தரவில்லை என்று தெரிந்தது. அந்த நிலையில் இருந்த ஆராய்ச்சியாளர்களின் மனநிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் கோடிக்கணக்கான பேருக்குப் போட்டுவரும் ஊசி அது; உலக ஸ்தாபனங்கள் பரிந்துரைக்கும் ஊசி; பல்லாண்டு உழைப்பு அதற்குப் பின்னால். இன்னும் சில ஆண்டுகள் பார்க்கலாம், இப்போது சொன்னால் ஜனங்கள் குழம்புவார்கள் என்று தள்ளிப்போட எத்தனையோ நியாயமான காரணங்கள் கிடைத்திருக்கும். அவர்கள் 1979இல் முடிவை அப்படியே வெளியிட்டார்கள். அதன்பின் பதினைந்தாண்டு வரை அதே மக்களைத் தொடர்ந்து கவனித்து, முடிவு மாறவில்லை என்றும் உறுதி செய்தார்கள். பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வடிவில் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சிகளில் நல்ல ஆதாரம் இருப்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. அது வேறு விஷயம். பெரியவர்களுக்குக் காவல் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது காவலன்று என்று செங்கற்பட்டு சொல்லியிராவிட்டால், புதிய தடுப்பூசி வேண்டும் என்ற தேட்டமே மந்தமாகியிருக்கும். அந்தக் கிராமத்து மக்கள் கையை நீட்டியது தங்கள் ஊசி பலித்தது என்று கேட்பதற்காகவே இருக்கலாம்; அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருந்தது உண்மையைச் சொல்வதற்கு.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். அலபாமா மாநிலத்தில் மேக்கன் என்றொரு மாவட்டம். பருத்தி விளையும் ஏழைப் பூமி. 1932இல் அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரைச் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் என்னும் சிஃபிலிஸ் நோய் இருந்தது. அது சிகிச்சை இல்லாமல் விடப்பட்டால் உடம்பில் எப்படி வளர்ந்து எங்கெங்கே தாக்கும் என்று சாகும்வரை பார்த்துக் குறித்துக்கொள்வது நோக்கம். அவர்களிடம் உங்களுக்குக் கெட்ட ரத்தம் என்று மட்டும் சொன்னார்கள். முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுக்கும் வலி மிகுந்த பரிசோதனையை விசேஷ இலவசச் சிகிச்சை என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க வேண்டுமென்பதற்காக, அடக்கச் செலவைத் தருவதாகச் சொல்லி உறவினரை இசையச் செய்தார்கள். நாற்பதுகளில் பென்சிலின் வந்து அந்த நோய்க்கு நிச்சயமான மருந்தாக நிலைபெற்ற பின்பும் கொடுக்கவில்லை. அவர்கள் வேறிடத்தில் வாங்கிவிடாதபடியும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மனைவியரில் சிலருக்கு நோய் தொற்றிற்று. குழந்தைகள் சிலர் நோயோடு பிறந்தனர். இப்படி நாற்பது ஆண்டு.

இதில் என்னை உறங்கவிடாத உண்மை, அது ரகசியமாக நடக்கவில்லை என்பது. 1936 முதலே அதைப் பற்றிய கட்டுரைகள் மருத்துவப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவற்றைப் படித்தவர்கள் எல்லோரும் கற்றவர்கள், குடும்பம் உடையவர்கள், தம் சொந்த நோயாளிகளிடம் அன்பாக இருந்தவர்கள் என்றே கொள்ளலாம். 1965இல் இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர் கட்டுரையைப் படித்துப் பதறி ஆட்சேபக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. அதே துறையில் சிறிய உத்தியோகம் பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் மேலதிகாரிகளிடம் முறையிட்டுப் பயனில்லாமல், கடைசியில் பத்திரிகையாளரிடம் சொன்னார். 1972 ஜூலையில் செய்தி வெளியாகி, ஆராய்ச்சி நின்றது. 1997இல்தான் ஜனாதிபதி கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நம்முடைய ஆராய்ச்சிக் கூடங்களில் ஏதேனும் தவறு கண்டால் வாய் திறக்க வேண்டிய கடமை தலைமைப் பேராசிரியருக்கு மட்டும் உரியதென்று இந்தச் சபையில் இருக்கும் இளைஞர் எவரும் எண்ண வேண்டாம். அங்கே வாய் திறந்தவர்கள் பதவியில் சிறியவர்கள்.

சம்மதம் என்ற விஷயத்தில் நம் நாடும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பத்திலிருந்து பதினான்கு வயது வரையுள்ள சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோர் வெகு தொலைவில் இருக்க, விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்காக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள் என்று பின்னர் தெரியவந்தது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். அந்தக் காலத்தில் நேர்ந்த சில மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணையிலும் கருதப்பட்டது. ஆனால் தாயிடம் கேட்காமல் மகளின் கையைப் பிடித்த ஒரே காரணத்தால், பல்லாயிரம் பெண்களைக் காக்கக்கூடிய ஒரு மருந்தின்மேல் நாட்டில் சந்தேகம் விழுந்தது. மலையேறிப் போய் அந்தத் தாயின் திண்ணையில் அமர்ந்து, அவளுடைய மொழியில், அவள் வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுத்துப் பேசியிருந்தால் சில வாரங்கள் தாமதமாகியிருக்கும். அவ்வளவே.

கடைசியாக ஒன்று. சென்னை ஆராய்ச்சியில், சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழை உணவே உண்டார்கள். இருந்தும் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோல் குணமானார்கள். இது சரியான முடிவு. ஆனால் இதிலிருந்து, காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டல்ல, மருந்து போதும் என்று பலர் தாமாகவே மேற்கொண்டு ஒரு படி தாண்டிவிட்டார்கள். மருந்து உள்ளபோது நோய் குணமாவதற்கு நல்ல உணவு இன்றியமையாததா என்பது ஒரு கேள்வி. பசித்த உடம்பில் நோய் எளிதில் பற்றுகிறதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதன்மேல் ஏற்றிவிட்டோம். இரண்டாவதற்குத் தக்க சோதனை மூலம் விடை காண அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சென்னை நிலையத்தாரும் பங்குகொண்ட ஓர் ஆராய்ச்சி 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் குடும்பத்தார் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும், நோயில்லாத மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவு: அப்படி உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு 40 அளவு குறைந்திருந்தது. விலையுயர்ந்த மருந்தன்று, அரிசியும் பருப்பும்.

இந்த ஆராய்ச்சியை நான் போற்றுகிறேன். போற்றும்போதே ஒரு கேள்வி என்னை விடவில்லை; நீங்களும் அதை விட்டுவிடாமல் சுமக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபகுதிக் குடும்பங்களுக்கு அந்த அரிசி போகவில்லை. நோயாளிக்கு வந்த மூட்டையை, பசியோடிருந்த குழந்தைகளுக்கும் அந்த வீட்டுத் தாய் பங்கிட்டுத்தான் இருப்பாள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உணவால் பயனுண்டா என்பது உண்மையிலேயே நிச்சயமில்லாதிருந்த வரையில், அந்த ஒப்பீட்டுக்கு நியாயம் உண்டு என்பதே என் தீர்ப்பு; ஒப்பீடு இல்லாமல் எந்த அரசாங்கமும் அரிசிக்குப் பணம் ஒதுக்கியிராது. அந்த நிச்சயமின்மை அகன்ற கணமே நியாயமும் அகன்றுவிடுகிறது. 2024இல் மத்திய அரசாங்கம் காசநோயாளிக்குத் தரும் மாத உதவித் தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. கொடையாளர்கள் மூலம் உணவுப் பொருள் வழங்கும் ஏற்பாட்டைக் குடும்பத்தாருக்கும் விரித்தது. மகிழ்ச்சிதான். ஆராய்ச்சி செய்தவர்களும், அதன் முடிவை மேற்கோள் காட்டி இனி எழுதப்போகும் உங்களைப் போன்றவர்களும் கேட்க வேண்டியது இது: வெறுங்கையோடு மாதக்கணக்கில் நமக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஜார்க்கண்டு வீடுகளுக்கு அரிசி போய்ச் சேர்ந்ததா, முதலில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?